உங்க கையில இருக்கிறதெல்லாம் உங்களோடதா?

இன்டர்னல் மார்க் டென்ஷன், அசைன்மென்ட் தொல்லை எல்லாத்தையும் ஒரு அரை மணி நேரம் ஓரமா வச்சுட்டு வாங்க. இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம். ஆனா பயப்படாதீங்க, பிரசங்கம் இல்லை.

உங்க தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தால் இதை நீங்க பார்த்திருக்கலாம். வீட்டுப் பெரியவர் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிற நேரம். பாஸ்போர்ட், டிக்கெட், தடுப்பூசி எல்லாம் ரெடி. மனுஷர் பெட்டி கட்டுகிற வேலையை விட்டுட்டு வீடு வீடா ஏறி இறங்குவார். சொந்தக்காரங்க வீடு, பக்கத்து வீடு, மளிகைக் கடை, பத்து வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்தின பங்காளி வீடு. எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான். "நான் உங்களுக்கு ஏதாவது தரவேண்டி இருக்கா? தெரிஞ்சோ தெரியாமலோ மனசு நோகப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. ஹஜ்ஜுக்குப் போறேன்."

கடவுளைப் பார்க்கப் போகிறவர் எதுக்கு மளிகைக் கடைக்காரர்கிட்ட போய் நிக்கணும்? கடவுள்கிட்டயே நேரா மன்னிப்புக் கேட்டுடலாமே?

முடியாது என்பதுதான் இஸ்லாம் சொல்கிற பதில். தொழுகையை விட்டது, நோன்பை விட்டது, இதெல்லாம் மனுஷனுக்கும் இறைவனுக்கும் நடுவில் இருக்கிற கணக்கு. அவன் நினைச்சா தள்ளுபடி செய்வான். ஆனா நீங்க இன்னொருத்தருக்குச் செய்த அநியாயம், வாங்கின கடன், கெடுத்த பேர், இதெல்லாம் அந்த ஆளோட கணக்கு. அதை அந்த ஆள்தான் தள்ளுபடி செய்யணும். முன்னதுக்கு 'ஹுகூகுல்லாஹ்', அதாவது இறைவனின் உரிமைகள் என்று பேர். பின்னதுக்கு 'ஹுகூகுல் இபாத்', அடியார்களின் உரிமைகள். இந்த ரெண்டையும் பிரிச்சு வச்ச இடத்தில்தான் இஸ்லாத்தின் ஒழுக்கம் பற்றிய பேச்சே ஆரம்பிக்குது.

நம்ம புதுச்சேரியில் நாம என்ன செய்யறோம்? ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் முன்னால் நின்னு போட்டோ எடுக்கிறோம். பீச் ரோட்டில் நடக்கிறோம். கொஞ்சம் தள்ளி காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் நம்மில் எத்தனை பேர் போயிருப்போம்? போனாலும் ரம்ஜான் மாசம் நோன்புக் கஞ்சிக்கும், பெருநாள் அன்னிக்கு ஃப்ரெண்டு வீட்டு பிரியாணிக்கும்தான். கஞ்சி நல்லாத்தான் இருக்கும், பிரியாணி அதைவிட நல்லாவே இருக்கும். ஆனா பக்கத்து பெஞ்சில் மூணு வருஷம் உட்கார்ந்திருக்கிற நண்பனோட மார்க்கம் நல்ல மனுஷன் என்று யாரைச் சொல்லுது? இந்தக் கேள்வி கேட்காமலே நாம டிகிரி வாங்கிட்டுப் போயிடறோம். கேட்டுப் பார்க்கலாமா?

திவாலான ஆள் யார்?

நபிகள் நாயகம் ஒருநாள் தன்னோட இருந்தவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டதா ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் பதிவு இருக்கு. திவாலானவன் யார்? எல்லாரும் சொன்ன பதில், காசும் இல்லாம பொருளும் இல்லாம நிற்கிறவன். நம்மகிட்ட கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

அவர் சொன்னது வேற. ஒருத்தன் தீர்ப்பு நாளில் நிறைய தொழுகை, நோன்பு, தர்மத்தோட வருவான். கூடவே ஒருத்தனைத் திட்டியிருப்பான், இன்னொருத்தன் மேல் அவதூறு சொல்லியிருப்பான், வேற ஒருத்தன் சொத்தைத் தின்னிருப்பான், யாரையோ அடிச்சிருப்பான். பாதிக்கப்பட்டவங்க ஒவ்வொருத்தரா வந்து அவனோட நன்மையை எடுத்துக்கிட்டே இருப்பாங்க. நன்மை தீர்ந்து போகும், கடன் தீராது. அப்புறம் அவங்களோட பாவத்தை எடுத்து இவன் தலையில் வைப்பாங்க. இவன்தான் உண்மையில் திவாலானவன்.

படிச்சதும் நமக்கு யாரோ ஒருத்தர் ஞாபகம் வருவாங்க. 'நெத்தியில் தழும்பு தெரியற அளவுக்குத் தொழறாரு, வாங்கின கடனை மட்டும் திருப்பித் தரமாட்டேங்கிறாரு.' கோயில், சர்ச், மசூதி எந்தப் பக்கம் பார்த்தாலும் இந்த மாதிரி ஆட்கள் உண்டு. முஸ்லிம்களில் ஏமாத்துறவங்களே கிடையாதா என்று கேட்டால், தாராளமா உண்டு. மத்த எல்லா இடத்திலும் இருக்கிற மாதிரியே. அதனால்தான் அந்த எச்சரிக்கை கும்பிடாதவனைப் பார்த்துச் சொல்லப்படலை. நிறைய கும்பிடுகிறவனைப் பார்த்துத்தான் சொல்லப்பட்டிருக்கு.

சரி, அடுத்தவங்களுக்குச் சேர வேண்டியது என்றால் எது எது? அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. அமானிதம். அரபியில் அமானத். தமிழிலும் 'அமானத்து' என்று பழைய பத்திரங்களில் பார்க்கலாம். நம்பி ஒப்படைச்சது என்று அர்த்தம். திருக்குர்ஆன் 4-ம் அத்தியாயம் 58-ம் வசனம், நம்பி ஒப்படைக்கப்பட்டதை அதுக்கு உரியவங்ககிட்ட சேர்த்துடணும் என்று கட்டளையே போடுது. இதில் பணம் மட்டும்தான் அடங்கும் என்று நினைச்சா ஏமாந்துடுவீங்க.

எதிரி கொடுத்து வச்ச பொருள்

முதல்ல பணத்தையே எடுத்துக்குவோம்.

நபிகள் நாயகத்துக்கு மக்காவில் 'அல் அமீன்' என்று பேர். நம்பிக்கைக்குரியவர். மார்க்கம் சொல்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே வியாபாரம் செய்த காலத்தில் ஊர் கொடுத்த பட்டம் இது. அவர் பிரசாரம் ஆரம்பிச்ச பிறகு அதே ஊர் எதிரியா மாறிச்சு. 622-ல் அவரைக் கொல்லவே திட்டம் போட்டாங்க. அவர் ராத்திரியோட ராத்திரியா மதீனாவுக்குக் கிளம்பினார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அவரை நம்பாத அதே மக்கா ஊர்க்காரங்களோட பொருள்கள் அப்பவும் அவர் வீட்டில் பத்திரமா இருந்தது! அவர் கொள்கை பிடிக்கலை, ஆனா நகையைக் கொடுத்து வைக்க அவரை விட்டால் ஆள் இல்லை. உயிருக்கு ஆபத்து இருக்கிற நேரத்தில், ஊரே துரோகம் செய்த நேரத்தில், 'உங்க பொருள் போச்சு போங்க' என்று கிளம்பியிருந்தால் யார் கேட்கப் போறாங்க? அவர் தன் தம்பி முறையான இளைஞர் அலியை மக்காவில் விட்டுட்டுப் போனார். எதுக்கு? ஒவ்வொருத்தர் பொருளையும் அவங்கவங்க கையில் திருப்பிக் கொடுத்துட்டு வரச் சொல்லி. அலி அதை முடிச்சுட்டுத்தான் மதீனா போய்ச் சேர்ந்தார். நபி வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்கிற சம்பவம் இது.

நம்ம லாஜிக் என்ன? 'அவன் எனக்கு என்ன செஞ்சான், நான் அவனுக்குச் செய்ய?' இதைச் சொல்லித்தான் ரூம்மேட்டோட சண்டை வந்ததும் அவன் கொடுத்த கால்குலேட்டரை, புத்தகத்தை நாம் வச்சுக்கிறோம். பிரேக்-அப் ஆனதும் கொடுத்த பணத்தைப் பத்தி வாயே திறக்கிறதில்லை. எதிரியோட பொருளும் எதிரியோட பொருள்தான், நம்ம பொருள் ஆயிடாது. அலி மக்காவில் தங்கினது இதுக்குத்தான்.

கடன் விஷயத்தில் இஸ்லாம் இன்னும் கறார். ஜனாஸா தொழுகைக்கு முன்னால் நம்ம ஊர்ப் பக்கங்களில் ஒரு அறிவிப்பு கேட்டிருப்பீங்க. இறந்தவர் யாருக்காவது கடன் தரவேண்டி இருந்தால் வாரிசுகள்கிட்ட வாங்கிக்குங்க என்று குடும்பத்தில் ஒருத்தர் சொல்வார். இதுக்குப் பின்னால் ஒரு ஹதீஸ் இருக்கு. கடனோட இறந்த ஒருத்தருக்குத் தொழவைக்க நபிகள் தயங்கி நின்றார், தோழர் ஒருத்தர் 'அந்தக் கடனை நான் ஏத்துக்கறேன்' என்று முன்வந்த பிறகுதான் தொழவைத்தார். போரில் உயிரைக் கொடுத்த தியாகிக்கு எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும், கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்பதும் ஹதீஸ்தான். உயிரைக் கொடுத்தாலும் கேன்டீன் பாக்கி கேன்டீன் பாக்கிதான் பாஸ்!

சுத்திமுத்தும் பார்த்தால்...

அடுத்தது ரகசியம். ஒருத்தர் உங்ககிட்ட ஏதோ சொல்றார். சொல்லும்போது யாராவது கேட்கிறாங்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று வாயால் சொல்லலை. ஆனா அந்த ஒரு திரும்பிப் பார்த்தலே போதும், அந்தப் பேச்சு உங்ககிட்ட ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இது அபூதாவூத், திர்மிதி ஹதீஸ் தொகுப்புகளில் வருது. எவ்வளவு நுணுக்கமா கவனிச்சிருக்காங்க பாருங்க!

இதை அப்படியே நம்ம ஹாஸ்டலுக்குக் கொண்டு வாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு தோழி தன் வீட்டுப் பிரச்னையைச் சொல்லி அழறாள். ஒரு நண்பன் தன்னோட ஒருதலைக் காதலைச் சொல்றான். நம்பி உங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பறாங்க. மறுநாள் அது வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட்டா ஓடுது. 'சும்மா ஜாலிக்கு' என்கிறோம். பணத்தை எடுத்திருந்தால் திருட்டு என்று ஒத்துக்குவோம். ரகசியத்தை எடுத்தால் மட்டும் ஜாலியா? பணத்தையாவது திருப்பிக் கொடுத்துடலாம். நாற்பது பேர் போனுக்குப் போன போட்டோவை எப்படித் திருப்பிக் கொடுப்பீங்க?

குர்ஆனின் 49-ம் அத்தியாயத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனம் (11, 12) இருக்கு. ஒவ்வொரு காலேஜ் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டலாம். ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்யக்கூடாது, பட்டப்பேர் வைச்சுக் கூப்பிடக்கூடாது, ஆதாரமில்லாம சந்தேகப்படக்கூடாது, துருவித் துருவி அடுத்தவங்க விஷயத்தைத் தோண்டக்கூடாது, புறம் பேசக்கூடாது. புறம் பேசறது எப்படிப்பட்டது என்பதுக்கு அங்கே சொல்லப்படுகிற உவமை, செத்துப்போன சகோதரனோட மாமிசத்தைச் சாப்பிடறது. கேட்கவே குமட்டுதில்லே? ஏன் செத்தவன்? அவனால் எழுந்து பதில் சொல்ல முடியாது. நீங்க புறம் பேசுகிற இடத்தில் அந்த ஆளும் இல்லை, அவனாலும் பதில் சொல்ல முடியாது.

'நான் உண்மையைத்தானே சொன்னேன்?' என்று சிலர் கேட்பாங்க. அதுக்கும் பதில் இருக்கு. உண்மையா இருந்தால் அதுக்குப் பேர் புறம். பொய்யா இருந்தால் அது அவதூறு. தப்பிக்க வழியே இல்லை!

அடியில் நனைந்த தானியம்

மூணாவது, விற்கிற பொருள். நம்ம காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டை வாங்கியிருப்பீங்க. பெரிய மார்க்கெட்டில் அம்மாவோட மீன் வாங்கப் போயிருப்பீங்க. மேலே இருக்கிற தக்காளி பளபளன்னு இருக்கும், வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் அடியில் அழுகினது சிரிக்கும்.

மதீனா சந்தையிலும் இதே கதைதான். நபிகள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார். மேலே காய்ஞ்சிருக்கு, உள்ளே ஈரம். கேட்டதுக்கு வியாபாரி 'மழையில் நனைஞ்சு போச்சு' என்றார். சரி, நனைஞ்சதை மேலே வச்சிருந்தால் வாங்குகிறவங்க பார்த்திருப்பாங்களே என்பதுதான் நபியோட கேள்வி. ஏமாத்துகிறவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை என்றும் சொல்லிட்டார். கவனிங்க, நனைஞ்ச தானியத்தை விற்கக்கூடாது என்று அவர் சொல்லலை. மறைக்காதே என்றுதான் சொன்னார்.

தமிழ்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றுகிற சட்ட வழிகள் பெரும்பாலும் இரண்டு. கடலோர மரைக்காயர் ஊர்களில் ஷாஃபி, உள்நாட்டில் ஹனஃபி. இந்த ஹனஃபி வழிக்குப் பேர் கொடுத்த இமாம் அபூ ஹனீஃபா, 767-ல் காலமானவர். இராக்கில் கூஃபா நகரத்துத் துணி வியாபாரி! கையில் சட்டப் புத்தகம், கடையில் துணி மூட்டை. ஒரு தடவை தன் கூட்டாளிகிட்ட சரக்கைக் கொடுத்து, இந்தத் துணியில் ஒரு குறை இருக்கு, வாங்குகிறவர்கிட்ட சொல்லிட்டு வில்லு என்று சொல்லியிருந்தார். கூட்டாளி மறந்துட்டார். குறையைச் சொல்லாமலே வித்துட்டார். வாங்கின ஆள் யார் என்றும் தெரியலை. விஷயம் தெரிஞ்சதும் இமாம் செய்தது என்ன? அந்தச் சரக்குக்குக் கிடைச்ச மொத்தப் பணத்தையும் தர்மம் செய்துட்டார். அவர் வாழ்க்கையைச் சொல்கிற நூல்களில் வழக்கமா வருகிற சம்பவம் இது.

நாம எதை விற்கிறோம்? நம்ம ரெஸ்யூமேவை! 'ஜாவா தெரியும், பைத்தான் தெரியும், ஃப்ரெஞ்ச் தெரியும்' என்று மேலே பளபளன்னு அடுக்கிட்டு, அடியில் ஈரம். ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி நம்ம பேர் போட்டுக்கிறோம். ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ்? அதுவும் மேலே காய்ஞ்ச தானியம்தான். கம்ப்யூட்டர்கிட்ட எழுதி வாங்கின அசைன்மென்ட்டுக்குக் கீழே 'என் சொந்த முயற்சி' என்று கையெழுத்துப் போடறதும் அப்படித்தான்.

புதுச்சேரி வாசலில் வந்து நின்ற குடும்பம்

நாலாவது அமானிதம், மனுஷங்க. இதுக்கு நம்ம ஊரிலேயே கதை இருக்கு.

1740. ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான், மராட்டியப் படையோட நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்துக்குப் போக்கிடம் இல்லை. பெண்களும் பிள்ளைகளும் அடைக்கலம் கேட்டு வந்த இடம் புதுச்சேரி. மருமகன் சந்தா சாகிபோட குடும்பமும் வந்து சேர்ந்தது. இங்கே அப்போ பிரெஞ்சு கவர்னர் தியூமா. கோட்டைக் கதவைத் திறந்தால் மராட்டியர்களோட பகை நிச்சயம். திறந்தார். கொஞ்ச நாளில் மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லேகிட்ட இருந்து ஓலை வந்தது, வந்தவங்களையும் அவங்க செல்வத்தையும் ஒப்படைக்கணும் என்று. தியூமா மறுத்துட்டார்.

தியூமா மகான் எல்லாம் இல்லை. கணக்குப் பார்க்கிற கம்பெனி அதிகாரிதான். அதுக்கு முந்தின வருஷம் 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்ததில் சந்தா சாகிபுக்குப் பங்கு உண்டு. அந்த நன்றியும் இருந்திருக்கும், நாளைக்கு அந்தக் குடும்பம் மறுபடி ஆட்சிக்கு வரும் என்கிற வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும். இருக்கட்டுமே. மிரட்டல் வந்தபோது வாசலுக்குள் வந்தவங்களை வெளியே தள்ளலை. அந்த முடிவை வச்சு ஊரே பணயத்தில் இருந்தது.

இஸ்லாத்தின் ஆரம்பத்திலும் இதே மாதிரி ஒண்ணு. சுமார் 615-ல் மக்காவில் கொடுமை தாங்காம நபியோட தோழர்கள் சிலர் கடல் தாண்டி அபிசீனியா போனாங்க. அங்கே கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. மக்காக்காரங்க பரிசுப்பொருளோட தூதர்களை அனுப்பி 'எங்க ஆட்களைத் திருப்பிக் கொடுங்க' என்று கேட்டாங்க. மன்னர் இரண்டு பக்கமும் கேட்டார். பரிசைத் திருப்பி அனுப்பினார், மனுஷங்களை வச்சுக்கிட்டார். பிறகு வந்த குர்ஆன் வசனம் ஒண்ணு (9:6), எதிரிக் கூட்டத்தில் இருந்தே ஒருத்தன் அடைக்கலம் கேட்டு வந்தாலும் கொடுக்கணும், அவனுக்குப் பாதுகாப்பான இடம்வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்கணும் என்று சொல்லுது. அடைக்கலம் வாங்கிப் பழகினவங்களுக்கு அதோட அருமை தெரியும்தானே.

தமிழுக்கும் இது புதுசு இல்லை. சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' என்றே ஒரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகள் ஒப்படைச்சது மாதரி என்கிற இடைக்குலப் பெண்கிட்ட. மதுரையில் எல்லாம் முடிஞ்ச பிறகு, ஒப்படைக்கப்பட்டவளைக் காப்பாத்த முடியலையே என்று அந்த மாதரி தீயில் இறங்கினாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பாரத்தை அவளால் தாங்க முடியலை.

நமக்கு யாரும் கோட்டைக் கதவைத் திறக்கச் சொல்லப் போறதில்லை. ஆனா ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் ராகிங்குக்குப் பயந்து உங்க ரூமுக்கு ஓடி வந்தால்? க்ளாஸே சேர்ந்து ஒதுக்கி வச்ச பொண்ணு உங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்? கதவு உங்க கையில் இருக்கு.

'நம்ம ஆளு'

கடைசியா பதவி. இதுதான் ரொம்பக் கஷ்டமான அமானிதம்.

மதீனாவில் ஒரு திருட்டு. முஸ்லிம் குலத்தைச் சேர்ந்த ஒருத்தன் ஒரு கவசத்தைத் திருடிட்டு, மாட்டிக்குவோம் என்றதும் பழியை ஒரு யூதர் மேல் போட்டான். அவன் குலத்துக்காரங்க எல்லாம் 'நம்ம ஆளு' என்று அவனுக்காகப் பேச வந்தாங்க. குர்ஆனின் 4-ம் அத்தியாயத்தில் 105-ல் இருந்து வருகிற வசனங்கள் இந்தச் சம்பவத்தை ஒட்டி வந்தவை என்று விரிவுரையாளர்கள் சொல்றாங்க. யாருக்கு ஆதரவா தெரியுமா? அந்த யூதருக்கு. துரோகிகளுக்காக வாதாடாதே என்று கட்டளை. அதே அத்தியாயம் 135-ம் வசனம் இன்னும் ஒரு படி மேலே போகுது. உனக்கே எதிரா இருந்தாலும், உன் அப்பா அம்மாவுக்கு எதிரா இருந்தாலும் நியாயத்தின் பக்கம் நில் என்று சொல்லுது. 5-ம் அத்தியாயம் 8-ம் வசனம், ஒரு கூட்டத்தின் மேல் உனக்கு இருக்கிற வெறுப்பு உன்னை அநியாயம் செய்ய வச்சிடக்கூடாது என்கிறது.

இப்படி வாழ முடியுமா? நம்ம பக்கத்து ஆட்களையே பாருங்க.

நம்ம காரைக்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற நாகூரில் 1921-ல் பிறந்தவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில். தொழுகையும் விடாதவர், கம்பராமாயணத்தையும் கரைச்சுக் குடிச்சவர். சென்னைக் கம்பன் கழகத்துக்குத் தலைவர். எமர்ஜென்சி நேரத்தில், 1976-ல், சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரிக்க அமைச்ச கமிஷனுக்கு இவர்தான் பொறுப்பு. அடிச்சது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். 1979-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். 1981-ல் கேரளாவுக்கு இடமாற்றம் வந்தபோது அதை ஏத்துக்காம ராஜினாமா செய்துட்டார். நாற்காலி போனாலும் பரவாயில்லை என்று இருந்தவர்.

இன்னொருத்தர் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவர். அப்துல் கலாம் பள்ளிப் பையனா இருந்த காலம். அப்பா ஜைனுலாப்தீன் ராமேஸ்வரம் பஞ்சாயத்துத் தலைவர் ஆகியிருந்தார். அப்பா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ ஒரு பரிசுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்க, பையன் வாங்கி வச்சுட்டான். திரும்பி வந்த அப்பாவுக்கு வந்த கோபத்தை கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கார். பதவியில் இருக்கிறவனுக்கு வருகிற பரிசுக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கும், அதைத் தொடாதே என்று ஹதீஸை எடுத்துக் காட்டி அப்பா பாடம் நடத்தினாராம்.

அந்தப் பாடம் எங்கே போய் நின்றது தெரியுமா? 2006 மே மாசம் கலாமோட சொந்தக்காரங்க 52 பேர் டெல்லிக்கு வந்து ராஷ்டிரபதி பவனில் தங்கினாங்க. ஜனாதிபதியோட விருந்தாளிகள், கேட்க ஆள் ஏது? ஆனா தங்கின ரூம் வாடகை, குடிச்ச டீ வரைக்கும் கணக்குப் போடச் சொல்லி, சுமார் 3.52 லட்சம் ரூபாயைத் தன் சொந்தக் கணக்கில் இருந்து கட்டினார். அவருக்குச் செயலாளரா இருந்த பி.எம். நாயர் பின்னால் வெளியில் சொல்லித்தான் நமக்கே இது தெரியும். கலாம் சொல்லிக்கலை.

நீங்க என்ன பதவியில் இருக்கீங்க என்று கேட்கிறீங்களா? க்ளாஸ் ரெப். டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ட்ரெஷரர். கல்ச்சுரல்ஸ் ஜட்ஜ். டூருக்கு ஆளுக்கு ஐநூறு ரூபாய் கலெக்ட் பண்ணி ஜிபேயில் வச்சிருக்கிறவர். டூர் முடிஞ்சு 1,840 ரூபாய் மிஞ்சுது. 'யார் கேட்கப் போறா, நாம அலைஞ்சோமே, பிரியாணி சாப்பிடலாம்' என்று நாலு பேர் முடிவு பண்ணுவாங்க. அங்கேதான் ஆரம்பம். நாளைக்கு அரசாங்க ஆபீஸில் உட்கார்ந்து மேஜைக்கடியில் கை நீட்டப் போகிறவர் யாரும் அன்னிக்கே புதுசா பிறந்து வரப் போறதில்லை. இன்னிக்கு நம்ம க்ளாஸில்தான் உட்கார்ந்திருக்கார்.

இந்த வார ஹோம்வொர்க்

இதெல்லாம் முஸ்லிம்களுக்கு மட்டும் சொந்தமான குணங்களா? இல்லவே இல்லை. நேர்மைக்கு யாரும் காப்பிரைட் வாங்கலை. ஆனா நண்பனோட மார்க்கத்தைப் பத்தி நமக்கு டிவி விவாதத்தில் கேட்டது மட்டும்தான் தெரியும் என்றால், அது நமக்குத்தான் நஷ்டம். நண்பன்கிட்டயே ஒருநாள் உட்கார்ந்து கேளுங்க. அவனும் உங்ககிட்ட கேட்கட்டும்.

அப்புறம், ராத்திரி படுக்கப் போகிறதுக்கு முன்னால் ஒரு பேப்பரை எடுங்க. ஐந்து தலைப்பு போடுங்க. யாரோட பணம் என்கிட்ட இருக்கு? யாரோட பொருள்? யாரோட ரகசியம்? யாருக்குக் கொடுத்த வாக்கு? யாரைப் பத்தி, அவங்க இல்லாத இடத்தில் என்ன பேசினேன்? பேரை மட்டும் எழுதுங்க. உங்களைத் தவிர யாரும் படிக்கப் போறதில்லை.

சின்னதில் ஆரம்பிங்க. சீனியரோட நோட்ஸைத் திருப்பிக் கொடுங்க. டூர் மிச்சப் பணத்தைக் கணக்குப் போட்டு குரூப்பில் போடுங்க. போனில் இருக்கிற அடுத்தவங்க ஸ்க்ரீன்ஷாட்டை டெலிட் பண்ணுங்க. பேசாம இருக்கிற ஒரு ஃப்ரெண்டுக்கு ஒரே ஒரு போன்: 'நான் உனக்கு ஏதாவது பாக்கி வச்சிருக்கேனா மச்சி?'

ஹஜ்ஜுக்குப் போகிறவங்க வாழ்க்கையில் ஒரு தடவை செய்யறதை நீங்க செமஸ்டருக்கு ஒரு தடவை செய்யலாம். டிக்கெட்டும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். அந்த வீட்டு வாசல்வரைக்கும் நடந்து போகிற தைரியம் மட்டும் வேணும்.

அடுத்த வாரம் பார்ப்போம்!